அகராதியைச் சோதிக்க 'கால்' போதும்: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு எப்படி?

நல்ல தமிழ் அகராதி எது, அதுவும் கைபேசியிலேயே காசு கொடுக்காமல் பார்க்கிற மாதிரி எது இருக்கிறது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றைத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கிடைக்கிற பதிப்பு. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது, சொல்லைத் தட்டினால் பக்கம் வந்துவிடும். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் செய்த அகராதியைப் படிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்காக அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம்.

பொதுவாக அகராதியைச் சோதிக்க நினைப்பவர்கள் கடினமான சொல்லாகப் பார்த்துத் தேடுவார்கள். சங்கப் பாட்டில் எங்கோ ஒரு முறை வருகிற செடியின் பெயரைப் போட்டுப் பார்த்து, அது இருந்தால் நல்ல அகராதி, இல்லாவிட்டால் மட்டம் என்று முடிவு கட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரிய சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும், அதை யார் வேண்டுமானாலும் பழைய நிகண்டிலிருந்து, அதாவது செய்யுளில் எழுதிய சொற்பொருள் பட்டியலிலிருந்து, எடுத்துப் போட்டுவிடலாம். தினமும் பத்துத் தடவை சொல்கிற சொல் இருக்கிறதே, கை, கால், கண், வாய், தலை, இவைதான் அகராதிக்காரரைத் திணறடிப்பவை. எத்தனை நூற்றாண்டு, எத்தனை பேர், எத்தனை வேலைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பார்கள்! அதனால் நான் 'கால்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். பெரம்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், அங்கே ஒரு பையன் "வாய்க்கால்ல வாயும் இருக்கு காலும் இருக்கு, அது ஏன் சார்" என்று கேட்டதும் ஒரு காரணம்.

முதலில் கைபேசிச் செயலிகள். பெயர் சொல்லாமல் விடுகிறேன். நிறையப் பேர் இறக்கி வைத்திருக்கிற ஒரு செயலியில் 'கால்' என்று போட்டால் ஒரே வரியில் ஆங்கிலச் சொல் ஒன்று வந்து நிற்கிறது, அதன் கீழே இரண்டு விளம்பரம். பொதுத் தேடுபொறியில் போட்டாலோ கால் டாக்சி, கால் சென்டர், கால்பந்து எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறது. சொல்லின் பொருளோ வரலாறோ தேடுகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை.

சரி, பேரகராதிக்கு வருவோம். இதன் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இதன் நிறைகுறைகள் புரியும். சென்னைக்கும் அகராதிக்கும் உறவு பழையது. 1779லேயே வேப்பேரியில் பாப்ரீசியுசின் தமிழ்–ஆங்கில அகராதி அச்சேறியது, 1862ல் வின்சுலோவின் பெரிய அகராதி இங்கேதான் வந்தது. அவற்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு பேரகராதி வேலை 1913 ஜனவரியில் தொடங்கியது. முதல் பதிப்பாசிரியர் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார், மதுரையில் இருந்தவர். தலைமைத் தமிழ்ப் புலவராக மு. இராகவையங்கார் இருந்தார். 1926லிருந்து வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதி, பிறகு 1939க்குள் ஓர் இணைப்புத் தொகுதி, மொத்தம் நாலாயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல், தலைச்சொற்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு கடைசியில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அந்தக் காலத்து நான்கு லட்சம்! இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகம் ஒரு சொல்லடைவுக்கு இவ்வளவு செலவழிக்குமா என்று எனக்குத் தெரியாது, அன்று செலவழித்தார்கள், அதன் பலனை நாம் இலவசமாக அனுபவிக்கிறோம்.

இப்போது 'கால்'. போட்டவுடன் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறது. இந்த எண்தான் முக்கியம், பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஒரே எழுத்துக்கூட்டு, ஆனால் வேறு வேறு சொல் என்று பதிப்பாசிரியர்கள் கருதினால் தனி எண் கொடுப்பார்கள். ஒரே சொல்லின் கிளைப் பொருள் என்றால் அதே பதிவுக்குள் வரிசையாக வைப்பார்கள். ஆக, பொருளைப் படிப்பதற்கு முன்பே ஒரு கருத்து அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பதிவின் தொடக்கத்தில் பகர அடைப்புக்குள் தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகிய மொழிகளில் அதற்கு இணையான சொல் இருந்தால் கொடுத்திருப்பார்கள். பிறகு பொருள், முதலில் ஆங்கிலத்தில், அடுத்து தமிழில், முடிந்த இடத்தில் எல்லாம் இலக்கிய மேற்கோளோடு.

படிக்கப் படிக்க வியப்பு கூடுகிறது. உடம்பின் உறுப்பு, நாலில் ஒரு பங்கு, காற்று, சக்கரம், தூண், மரத்தின் அடி, முளை, நீரோடும் வழி, பொழுது, இன்னும் நீள்கிறது. இத்தனையும் உண்மையாகவே வழக்கில் இருந்தனவா, இல்லை நிகண்டுக்காரர்கள் அடுக்கியதா என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அதனால் திருக்குறளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். அது எல்லார் வீட்டிலும் இருக்கிற நூல், நீங்களும் செய்து பார்க்கலாம்.

இடனறிதல் அதிகாரத்தைத் திறந்தால் 496ஆம் குறள், "கடலோடா கால்வல் நெடுந்தேர்". இங்கே கால் சக்கரம். வலிய சக்கரம் உள்ள பெரிய தேர் கடலில் ஓடாது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், 500, "காலாழ் களரில் நரியடும்". இங்கே அது யானையின் கால், சேற்றில் புதைந்த கால், வேல் வீரரையே கோத்தெடுத்த யானையை நரி கொன்றுவிடுகிற இடம். ஒரே அதிகாரத்துக்குள் சக்கரமாகவும் காலாகவும் வந்துவிட்டது. 840ல் "கழாஅக்கால் பள்ளியுள் வைத்தற்றால்" என்று வருகிறது, கழுவாத காலைப் படுக்கையில் வைத்தது போல. இது பாதம். யானைக்கு வந்தது முழுக் கால், இங்கே அழுக்கானது அடிப்பகுதி மட்டும். தமிழ் இந்த இரண்டையும் ஒரே சொல்லால்தான் சொல்கிறது, மருத்துவரிடம் "கால் வலிக்குது" என்றால் தொடையா முட்டியா பாதமா என்று அவர் மறுபடி கேட்பது இதனால்தான். 959ல் "நிலத்தில் கிடந்தமை கால்காட்டும்". இங்கே முளை. மண்ணின் தன்மையை அதில் முளைத்த முளை காட்டிக்கொடுக்கும். 1030ல் "இடுக்கண்கால் கொன்றிட வீழும்". இங்கே மரத்தின் அடி, துன்பம் என்ற கோடரி வெட்ட, தாங்கிப் பிடிக்க ஆளில்லாத குடும்பம் விழும். 379ல் "நன்றாங்கால் நல்லவாக் காண்பவர்". இங்கே பொழுது, நல்லது வரும்போது. ஒரு நூல், ஒரு சொல், ஐந்தாறு பொருள். பேரகராதி சும்மா அடுக்கவில்லை.

குறளில் இன்னொன்றும் கவனித்தேன். கடவுள் வாழ்த்து பெரும்பாலும் இறைவனின் பாதத்தைப் பற்றியதுதான், நற்றாள், மாணடி, தாள் சேர்ந்தார் என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் கால் என்ற சொல் அங்கே இல்லை. இன்றைக்கும் அப்படித்தான், திருவடி என்போம், பொற்பாதம் என்போம், திருக்கால் என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர் காலில் விழுகிறோம், கடவுள் திருவடியை வணங்குகிறோம். ஒரே உறுப்புக்கு யாருடையது என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. இந்த வேறுபாட்டை ஒரு குறிப்பாகவாவது எழுதியிருக்கலாம் என்று தோன்றியது, பொருளைச் சொல்கிற அளவுக்கு எங்கே சொல்லலாம் எங்கே சொல்லக்கூடாது என்பதைப் பேரகராதி சொல்வதில்லை.

காற்று என்ற பொருளுக்குச் சான்று திருமுருகாற்றுப்படையில் இருக்கிறது, "கால்கிளர்ந் தன்ன வேழம் மேல்கொண்டு". காற்று எழுந்து வருவது போல வருகிற யானை மேல் முருகன் ஏறி வருகிறான். காலைப் பற்றித் தேடப் போன இடத்தில் மறுபடி யானை, ஆனால் இந்த முறை சேற்றில் சிக்கியது இல்லை, பறந்து வருவது. இந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு வராத வரி, இருந்தாலும் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

நாலில் ஒன்று என்ற பொருள்தான் சென்னையில் நாள் முழுக்கப் புழங்குகிறது. கால் கிலோ பூண்டு, மணி ஒண்ணே கால், வேலை முக்காவாசி முடிந்தது. நாற்கால் விலங்குக்கு ஒரு கால் என்பது நாலில் ஒன்று, அதனால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. உடம்பில் கால்பகுதி உயரம், இடுப்பு பாதி, அதனால்தான் அரை என்றால் இடுப்பும் பாதியும் என்று வேறொரு விளக்கமும் சொல்வார்கள். அரைஞாண் என்பதில் இருக்கிற அரை இடுப்புதான், அதில் ஐயமில்லை. கேட்பதற்கு இரண்டு விளக்கமும் அழகாக இருக்கின்றன. எது முதலில், எது பின்னால் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது என்பதால் நான் பிள்ளைகளிடம் இரண்டையும் 'சொல்வார்கள்' என்றுதான் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த பழைய அளவுச் சொற்களை ஒரு மாலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி வீசம் அல்லது மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. அதற்கும் கீழே எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. பாட்டிமார்கள் "முக்காலே மூணு வீசம்" என்பார்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினாறில் பதினைந்து, கிட்டத்தட்ட முழுசு என்று பொருள். அரைக்கால் சட்டையில் வருகிற அரைக்கால் வேறு, எட்டில் ஒன்றான அரைக்கால் வேறு, எழுத்து மட்டும் ஒன்றே. காலணா என்பது 1957ல் நயாபைசா வந்த பிறகு கையில் இல்லாமல் போய்விட்டது, ரூபாய்க்கு அறுபத்து நான்கு காலணா என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் "கால் காசுக்குப் பிரயோசனம் இல்லை" என்ற வசை மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுத்திலும் கால் இருக்கிறது. 'கா' எழுதப் போடுகிற குறிதான் துணைக்கால். பழைய ஓலைகளில் ரகரமும் இந்தக் காலும் ஒன்றுபோலவே இருக்கும், இடத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ணா, றா, னா மூன்றும் வளைந்து ஒட்டிய வேறு வடிவத்தில் இருந்தன, 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் அவற்றுக்கும் மற்ற எழுத்துகள் போலத் துணைக்கால் கிடைத்தது.

இனி அந்தப் பையனின் கேள்வி. வாய்க்கால், கால்வாய், வடிகால், மூன்றிலும் நீர் ஓடுகிற வழி என்ற பொருளில்தான் கால் வருகிறது. வடிகால் என்ற சொல்லைச் சென்னைக்காரர்களை விட அதிகம் உச்சரிப்பவர்கள் உண்டா? ஐப்பசி பிறந்தால் தெருவுக்குத் தெரு அதே பேச்சு. பக்கிங்காம் கால்வாய், 1806ல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கி 1878ல் ஆளுநர் பெயரைப் பெற்றது, இன்று பறக்கும் ரயில் தூண்களுக்குக் கீழே கிடக்கிறது, அதன் ஆங்கிலப் பெயர் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், பின்பாதியான கால்வாய் என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வாய் என்றால் திறப்பு, கால் என்றால் நீர்வழி. வாய்க்கால் என்றாலும் கால்வாய் என்றாலும் அதே இரண்டு துண்டுகள்தான், முன்பின் மாறியிருக்கின்றன.

நடக்கிற காலும் நீர் ஓடுகிற காலும் ஒரே வேரா என்று கேட்டால், இங்கேதான் பக்கத்து மொழிகள் உதவுகின்றன. தெலுங்கில் உறுப்பு 'காலு', நீர்வழி 'காலுவ'. கன்னடத்தில் உறுப்பு 'காலு', நீர்வழி 'காலுவெ'. ஆக, அந்த மொழிகளில் இரண்டும் வடிவத்தில் பிரிந்தே நிற்கின்றன, தமிழில் ஒன்றாகத் தெரிகிறது. எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய, பையனை எதிர்வீட்டு அம்மாவிடம் அனுப்பிக் கேட்டு வரச் சொன்னேன், அவன் இரண்டு சொல்லையும் சரியாகக் கேட்டு எழுதி வந்தான். அகராதியைத் தெருவில் வைத்துச் சரிபார்க்கிற வசதி சென்னையில் இருக்கிறது, இதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதே இல்லை.

இந்த உறவு மொழி விஷயத்துக்குப் பேரகராதி ஒரு தொடக்கம்தான். மேலே போக வேண்டுமானால் அதே சிகாகோ தளத்தில் பரோவும் எமனோவும் செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது, முதல் பதிப்பு 1961, விரிவான இரண்டாம் பதிப்பு 1984. அதில் உறுப்பைக் குறிக்கும் கால் 1479ஆம் எண்ணில் இருக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு என்று தொடங்கி எழுத்து வழக்கே இல்லாத மலைமக்கள் மொழிகள் வரை ஒரே பத்தியில் அடுக்கியிருப்பார்கள். கண் என்ற சொல்லைப் பாருங்கள், அதன் உறவு பலூசிஸ்தானில் பேசுகிற பிராகுயி மொழி வரை போகிறது. இந்த அகராதியில் ஒரு சிக்கல், விளக்கமே கிடையாது. சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், எப்படி மாறியது ஏன் மாறியது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். தமிழ் எழுத்தும் இல்லை, எல்லாம் குறியிட்ட ரோமன் எழுத்து. பழகக் கொஞ்ச நாள் ஆகும், பழகிய பிறகு விட மனம் வராது.

பேரகராதியில் நான் மிகவும் ரசித்த இடம் இலக்கணத்தைத் தொடுகிறது. 'கால்' இடப்பொருளைக் காட்டும் உருபாகவும் வரும். இதைப் பிடித்துக்கொண்டு நன்னூலுக்குப் போனால் ஏழாம் வேற்றுமைச் சூத்திரம் இப்படித் தொடங்குகிறது: "கண்கால் கடையிடை தலைவாய்". படித்துப் பாருங்கள், கண், கால், இடை, தலை, வாய். உடம்பின் உறுப்புகள்! தொல்காப்பியத்திலும் இதே வகைப் பட்டியல் உண்டு, அதுவும் 'கண்கால்' என்றுதான் தொடங்கும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல நம் முன்னோர் முதலில் எடுத்துக்கொண்டது தங்கள் உடம்பைத்தான். இந்தச் சூத்திரத்தைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், உருபுகளின் பட்டியல் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு இலக்கணம் கசக்கும்?

இனி தகராறுள்ள இடம். 'காலம்' என்ற சொல்லைப் பேரகராதி வடசொல், அதாவது சமஸ்கிருதச் சொல், என்று குறிக்கிறது. சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் வழியில் வந்தவர்கள் இதை ஏற்பதில்லை, பேரகராதி ஏராளமான தமிழ்ச் சொற்களை வடசொல் கணக்கில் எழுதிவிட்டது என்பது பாவாணரின் நெடுநாளைய குற்றச்சாட்டு. அதற்கு மாற்றாகத்தான் 1974ல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரையே முதல் இயக்குநராக்கியது. அவர் 1981ல் இறந்துவிட்டார், முதல் மடலம் 1985ல்தான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நல்லது என்பேன். பேரகராதி வேரைப் பற்றி மிகக் குறைவாகப் பேசும், ஒரு குறியோடு முடித்துக்கொள்ளும். அகரமுதலி வேரைப் பற்றி நிறையப் பேசும், சில இடங்களில் என்னால் உடன்போக முடியவில்லை, ஆனால் தன் வாதத்தைப் படிப்படியாக எழுதிக் காட்டுகிறது, அதனால் மறுக்க நினைப்பவருக்கும் பிடி கிடைக்கிறது. வேர்ச்சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் வாட்ஸப்பில் சுற்றுகிற கதைகளில் இந்த நேர்மை இருப்பதில்லை.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். பேரகராதி அச்சேறி முடிந்து தொண்ணூறு ஆண்டு ஆகப்போகிறது. பேச்சு வழக்கை அறவே ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது, திருநெல்வேலி, நாஞ்சில்நாடு என்று வட்டாரக் குறிப்புகள் உண்டு. ஆனால் இன்றைய சென்னைப் பேச்சை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காலை வாரிவிடுவது, கால்கட்டுப் போடுவது, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வருவது, இவை ஒவ்வொன்றும் எந்தத் தொனியில், யாரிடம், எப்போது சொல்கிறோம் என்பதற்கு அகராதி துணை வேண்டுமானால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்குத்தான் போக வேண்டும். 1992ல் முதல் பதிப்பு, பிறகு 2008லும் 2020லும் திருத்திய பதிப்புகள். இன்றைய எழுத்திலிருந்து எடுத்த எடுத்துக்காட்டு வாக்கியம், பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டும், தமிழில் எழுதிச் சம்பாதிக்கிற யாரும் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் அதில் காற்றும் சக்கரமும் தேடாதீர்கள், இன்று வழக்கில் இல்லாததை அது எடுத்துக்கொள்வதில்லை, அது அதன் கொள்கை.

இணையப் பதிப்பின் இன்னொரு குறை, தளம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் அதிகம் பழகாத ஒரு தமிழாசிரியர் முதல் முறை உள்ளே போனால் எந்தப் பெட்டியில் தட்டுவது என்று தடுமாறுவார். பொருளும் ஆங்கிலத்தில்தான் முதலில் வருகிறது, தமிழ் விளக்கம் பல இடங்களில் ஒற்றைச் சொல். கைபேசியில் எழுத்து நெருக்கமாக இருக்கிறது, பெரிய பதிவுகளைக் கணினியில் படிப்பது கண்ணுக்கு நல்லது. இவ்வளவு பொருள் இருக்கிற பதிவில் ஒவ்வொரு பொருளும் தனி வரியாக இருந்தால் எவ்வளவு சுகமாக இருக்கும்! அச்சில் தாளை மிச்சப்படுத்த நெருக்கினார்கள், திரையில் அந்தக் கட்டாயம் இல்லை.

அச்சுப் பிரதியைப் புரட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் எழும்பூர் கன்னிமாராவுக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போய்க் கேட்டுப் பாருங்கள். நான் புரட்டிய பிரதியின் தாள் பழுப்பேறி இருந்தது, ஆனால் பக்கம் திருப்பும்போது பக்கத்துச் சொற்கள் கண்ணில் படுகிற சுகம் திரையில் கிடைக்காது. காலைத் தேடப் போய் கான்முளையைப் பிடித்தேன், கால் வழியாக முளைத்தவன், அதாவது வழித்தோன்றல். கால்கோள் என்பதும் அப்படித்தான் கண்ணில் பட்டது, தொடக்கம் என்று பொருள், சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அந்தப் பெயர். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிறார்களே, கோயில் திருவிழாவுக்கு முன் மயிலாப்பூரில் பந்தக்கால் ஊன்றுகிறார்களே, அங்கே கால் என்பது நட்டு நிற்கும் கழி. தொடக்கத்துக்குக் கால் நடுவது இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

புதிதாகப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயம். முதலில் தோன்றுகிற பொருளோடு நிறுத்தாதீர்கள், எண் போட்ட எல்லாப் பதிவையும் படியுங்கள். வினைச்சொல்லும் தனியாக இருக்கும், கால்தல் என்றால் உமிழ்தல், கான்ற சோறு என்றால் கக்கிய சோறு, இதைப் பெயர்ச்சொல் பதிவில் தேடினால் கிடைக்காது. நூற்பெயர்கள் எல்லாம் சுருக்கமாக இருக்கும், புறநா., சிலப்., மணி. என்று, அவற்றின் விரிவு முதல் தொகுதியின் முன்பக்கங்களில் பட்டியலாக இருக்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மேற்கோளைப் பார்த்ததும் நம்பிவிடாமல் மூல நூலைத் திறந்து முழுப் பாட்டையும் படித்துவிடுங்கள், அதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும். எங்கள் மாலை வகுப்பில் அடுத்து 'வாய்' எடுக்கப் போகிறோம், வாசல், வாய்மை, வாய்ப்பு என்று பிள்ளைகளே இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள்.